கொடுத்துத் தொலைக்க மாட்டேன்

நாலு நாளாக ஆளாளுக்குப் போன் செய்து கேட்கிறீர்கள். தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை, இங்கேயே எழுதிவிடுகிறேன்.

அரசுப் பணியில் ஓய்வு பெற்றபின் மூன்று வருடம் ஒரு தனியார் பள்ளியில் இயற்பியல் எடுத்தேன். ஏப்ரலில் விலகினேன். (பள்ளியின் பெயரைக் கமென்ட்டில் யாரும் போட வேண்டாம்.) ஆய்வகத்தில் ஒரு மல்டிமீட்டரும் ஒரு ஹார்ட் டிஸ்க்கும் காணவில்லையாம். 3,800 ரூபாய் கட்டினால்தான் கடைசி மாதச் சம்பளம், இல்லாவிட்டால் போலீஸ் என்று ஜூனில் செய்தி வந்தது. எனக்குத் தனியாக அல்ல, ஆசிரியர்கள் வாட்ஸப் குழுவில், "எடுத்துச் சென்றவர்" என்று என் பெயரோடு.

நான் எடுக்கவில்லை. விலகிய அன்றே பொருட்களை எண்ணி ஒப்படைத்து, கையெழுத்து வாங்கிய பட்டியல் என்னிடம் இருக்கிறது. மல்டிமீட்டர் அதில் இருக்கிறது. ஹார்ட் டிஸ்க் இருப்புப் பதிவேட்டில் ஏறவே இல்லை.

பள்ளியைவிட உங்களில் சிலர் மீதுதான் எனக்குக் கோபம். "மூவாயிரத்துச் சொச்சம்தானே, கொடுத்துத் தொலைங்க சார், உங்க மரியாதைக்கு இது தேவையா?" என்கிறீர்கள். மூன்று லட்சம் கேட்டிருந்தால் வக்கீலைப் பாருங்கள் என்றிருப்பீர்கள். சின்னத் தொகை என்பதால் நான் கொடுத்துவிடுவேன் என்று நீங்கள் நினைப்பதைத்தான் அவர்களும் நினைத்தார்கள். லட்சக்கணக்கில் போனால் அதற்கு 'முறைகேடு' என்று கௌரவமான பெயர் உண்டு. மல்டிமீட்டர் போனால்தான் அது திருட்டு. மரியாதைக்காகக் கொடு என்கிறீர்களே, கொடுத்த மறுநாள் அந்தக் குழுவில் என்ன பேசுவார்கள்? "எடுக்காமலா கட்டினார்?"

சட்டத்தையும் கொஞ்சம் பாருங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் திருட்டுக்கு 303-வது பிரிவு. பொருள் காணாமல் போனாலே திருட்டு ஆகிவிடாது, நேர்மையற்ற எண்ணத்தோடு எடுத்ததை நிரூபிக்க வேண்டும். மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழ் என்றால், மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரணையே தொடங்க முடியாது. அப்படிப்பட்ட சிறு திருட்டில் முதல்முறையாகத் தண்டிக்கப்படுபவர் பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்தால், அவருக்குச் சமூக சேவைதான் தண்டனை. கவனியுங்கள், பணத்தைத் திருப்பிக் கொடுப்பது அங்கே குற்றவாளி என்று தீர்ப்பானவர் செய்கிற காரியம். அதை நான் எதற்கு இப்போதே செய்ய வேண்டும்?

ஆய்வகத்தில் பொருள் குறைவது புதிதும் அல்ல. செய்முறைத் தேர்வுக்கு இரவல் போகும், கண்காட்சிக்குப் போகும், பீரோவுக்குப் பின்னால் விழுந்து கிடக்கும். என்னிடம் படித்தவர்களுக்குத் தெரியும், திருகு அளவி ஒன்று குறைந்தால் நான் யார் பையையும் திறக்கச் சொன்னதில்லை. பதிவேட்டைத்தான் முதலில் எடுப்பேன். ஏன் என்றால், பையைத் திறக்கச் சொன்னால் எந்தப் பையன் பக்கம் எல்லாரும் திரும்புவார்கள் என்பது எனக்கு முன்கூட்டியே தெரியும். உங்களுக்கும் தெரியும்.

எனக்குப் பென்ஷன் வருகிறது, எழுதத் தெரியும், பேச நீங்கள் இருக்கிறீர்கள். அதே பள்ளியில் கூட்டிப் பெருக்கும் ஆயா வேலையை விட்டு நிற்கும்போது "ஒரு வாளியைக் காணோம்" என்று சம்பளத்தைப் பிடித்தால் அந்த அம்மா எந்தப் பட்டியலைக் காட்டும்? கையெழுத்துப் போட்ட பட்டியல் வைத்திருக்கும் நானே கட்டிவிட்டால், "வாத்தியாரே கட்டினார், உனக்கென்ன?" என்பார்கள். உங்களில் சிலர் கடை வைத்திருக்கிறீர்கள், கம்பெனி நடத்துகிறீர்கள். வேலையை விட்டுப் போகிற பையனிடம் கணக்கு முடிக்கும்போது இப்படி ஏதாவது எழுதி வாங்குகிறீர்களா? வாங்கினால் என்னிடம் படித்தேன் என்று வெளியே சொல்லாதீர்கள்.

பள்ளிக்குக் கடிதம் அனுப்பிவிட்டேன். இருப்புப் பதிவேட்டின் நகல் வேண்டும், ஏப்ரலுக்குப் பின் ஆய்வகச் சாவி யாரிடம் இருந்தது என்று சொல்ல வேண்டும், குற்றம் சொன்ன அதே குழுவில் அதைத் திரும்பப் பெற வேண்டும். மூன்றுதான் கேட்டிருக்கிறேன். சம்பளம் தனி. அதைக் கேட்பது என் உரிமை, அதற்கும் இதற்கும் முடிச்சுப் போட விடமாட்டேன். பதில் வந்ததும் இங்கே போடுகிறேன்.

மதுரைச் சின்னக்கா, என்னைக் கேட்காமல் ஜிபேயில் நீங்கள் அனுப்பிய 3,800 ரூபாயைத் திருப்பி அனுப்பிவிட்டேன். வந்துவிட்டதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.