கல் இருக்கிற இடத்துக்கு மியூசியம் வரட்டும்

பெரும்பாறையில் நிலம் வாங்கிய புதிதில் நான் செய்த ஒரு முட்டாள்தனத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மாட்டுக்கொட்டகைக்குப் படி வேண்டியிருந்தது. மேட்டுப் பக்கம் காபிச் செடிகளுக்கு நடுவே பலகைக் கல்லாக நாலைந்து நின்றன. வேலைக்கு வந்த பெரியவர், "அது குள்ளர் வீடு சார், தொடவேண்டாம்" என்றார். நான் சிரித்துக்கொண்டே இரண்டு கல்லைத் தூக்கி வரச் சொன்னேன். முப்பது வருஷம் பாங்கில் அடமானப் பத்திரம் பார்த்தவனுக்கு, நிலத்தில் இருப்பதெல்லாம் நம்முடையது என்கிற நினைப்பு!

பிறகு பேரப்பிள்ளைகளோடு கொடைக்கானல் போனபோது செண்பகனூர் மியூசியம் பார்த்தோம். இயேசு சபையினரின் திருஇருதயக் கல்லூரியைச் சேர்ந்தது. கல்லூரி 1895-ல் ஆரம்பித்தது. அங்கே பேச்சுவாக்கில்தான் ஆங்லேட் பாதிரியாரைப் பற்றித் தெரியவந்தது. அவரும் நியூட்டன் பாதிரியாரும் இந்த மலையின் கற்திட்டைகளைப் பற்றி எழுதியதை 1928-லேயே இந்தியத் தொல்லியல் துறை புத்தகமாக வெளியிட்டிருக்கிறது. நமக்குப் பக்கத்துத் தாண்டிக்குடியில் பேராசிரியர் கா. ராஜன் குழு அகழாய்வே செய்திருக்கிறது. பெரியவர் சொன்ன குள்ளர் வீடு, இரும்புக் காலத்து மக்கள் செத்தவர்களுக்காக எழுப்பிய கற்திட்டை. என் மாடு அதன் மேல் ஏறிப் போய்க்கொண்டிருந்தது.

அன்று இன்னொன்றும் உறுத்தியது. பாடம் செய்து வைத்த பறவையையும் விலங்கையும் கண்ணாடி வழியே வாய் பிளந்து பார்க்கிற பிள்ளைகள், உயிரோடு தாவுகிற மலை அணிலைப் பார்க்க நம் பலா மரத்தடிக்கு வருவதே இல்லை. சேகரித்தவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்கள் சேர்த்து வைக்காவிட்டால் நமக்குப் பாதி தெரிந்தே இருக்காது. ஆனால் இனிமேல் மியூசியம் கட்டடத்தை விட்டு இறங்கி நடக்கணும். சித்தரேவிலிருந்து வளைந்து ஏறி பெரும்பாறையில் பஸ்ஸை விட்டு இறங்கி, முள்முருங்கையில் மிளகு ஏறுவதைப் பார்த்து, காபி நிழலில் நடந்து, கற்திட்டையருகே உட்கார்ந்து, மலைவாழைப்பழம் தின்று திரும்பினால் அதுதான் முழு மியூசியம்.

ஸ்வீடனில் 1891-ல் ஸ்கான்சன் என்று ஒன்று திறந்தார்கள். பல ஊர்ப் பழைய வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து ஒரே இடத்தில் வைத்த திறந்தவெளிக் காட்சியகம். 1970-களில் பிரான்சில் வேறு மாதிரி யோசித்தார்கள். பொருளைப் பெயர்க்காதே, இருக்கிற இடத்தில் இருக்கட்டும், அங்கே வாழ்கிறவர்களே காப்பாளர்கள் என்றார்கள். நமக்கு ஒத்துவருவது இரண்டாவதுதான். கல்லைப் பெயர்த்தால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி.

இப்போது மட்டும் ஜனங்கள் வராமலா இருக்கிறார்கள்? சனி, ஞாயிறு புல்லாவெளி அருவிப் பக்கம் வேன் வேனாக வருகிறார்கள். 2022-ல் ஓர் இளைஞர் அங்கே படம் எடுக்கப் போய் வழுக்கி விழுந்து இறந்தார். சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் வருகிற கூட்டத்தால் பாட்டிலும் பிளாஸ்டிக்கும்தான் நமக்கு மிச்சம்.

பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர் என்னிடம் நேராகவே கேட்டார்: "கல் இருக்குன்னு வெளியே சொன்னா நாளைக்கு நிலத்தையே முடக்கிட்டா?" இந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்தப் பயத்தினாலேயே ராத்திரியோடு ராத்திரியாகக் கல்லை உடைத்து வரப்புக்குப் போட்டவர்கள் உண்டு. அதனால் எந்த நிறுவனம் வந்தாலும் முதலில் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். பட்டா நம்முடையது, சாகுபடி நிற்காது, புதிதாக ரோடு போடக் கூடாது, இருக்கிற ஒற்றையடிப் பாதைதான் வழி. ஒரு நடைக்கு இருபது பேருக்கு மேல் கூடாது. காபிப்பழம் பறிக்கிற மாதங்களில் நடையே வேண்டாம்.

பணம் பற்றியும் பேசிவிடலாம். ஆளுக்கு 300 ரூபாய் என்றால் இருபது பேருக்கு 6,000. வழிகாட்டி கூலி அதில் முதல் செலவு, அது பளியர் குடும்பத்துக்குப் போகணும். எந்தத் தேனீ எந்தப் பாறையில் கட்டும், எந்தக் கிழங்கு எப்போது வெட்டலாம் என்று அவர்களுக்குத் தெரிந்ததில் பத்தில் ஒரு பங்கு நமக்குத் தெரியாது. மதியச் சாப்பாடு, பாதைப் பராமரிப்பு போக மிஞ்சுவது சொற்பம்தான். இதை நம்பி யாரும் கடன் வாங்காதீர்கள். ஆனால் ரசாயனம் போடாத மிளகும் காபியும் எப்படி விளைகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டுப் போகிறவர் அடுத்த வருஷம் நம்மிடமே நேராக வாங்குவார். பள்ளிப் பிள்ளைகளிடம் மட்டும் காசு வாங்கக் கூடாது என்பது என் கட்சி.

அந்த இரண்டு கல்லையும் இப்போது கொட்டகையிலிருந்து எடுத்துப் பலா மரத்தில் சாய்த்து வைத்திருக்கிறேன். எந்தக் கல் எந்தப் பக்கம் நின்றது என்று எனக்கு நினைவில்லை. பெரியவரும் இப்போது இல்லை. தெரிந்த தொல்லியல் ஆட்கள் வந்து சொன்னால்தான் திரும்ப நிறுத்த முடியும். பண்ணைக்காடு, தாண்டிக்குடி, கே.சி.பட்டி பக்கம் நிலம் வைத்திருப்பவர்கள் உங்கள் தோட்டத்தில் இப்படிக் கல் நின்றால் அசைக்காமல் நாலு பக்கமும் போட்டோ எடுத்து அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். எத்தனை இருக்கிறது என்று நாமே முதலில் எண்ணிப் பார்ப்போம்.