பள்ளியும் இல்லமும்: திரையில் ஓர் ஆசிரியரா?



கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். அவருடைய மகன் ஆறாம் வகுப்பில் பயில்கின்றான். கணக்கு என்றால் அவனுக்கு அச்சம். வீடு தேடி வந்த விற்பனையாளர் ஒருவர் கைப்பேசியில் சில படங்களை ஓடவிட்டுக் காட்டி, இந்தப் பாடத் தொகுப்பை மூன்றாண்டுகளுக்கு வாங்கிவிட்டால் பையன் வகுப்பில் முதல் மாணவனாகிவிடுவான் என்று உறுதி கூறிச் சென்றாராம். தொகையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. காதுத் தோட்டை அடகு வைத்து வாங்கலாமா என்பது அந்தத் தாயின் வினா. நிறுவனத்தின் பெயரை அவர் குறிப்பிடவில்லை, நானும் கேட்கவில்லை.

கல்வி மென்பொருள் என்று ஒரே சொல்லால் நாம் அழைக்கின்றோம். ஆனால் அச்சொல்லுக்குள் தன்மையில் முற்றிலும் வேறுபட்ட பொருள்கள் அடங்கியுள்ளன. அரிவாளும் அகப்பையும் இரும்பினால் ஆனவை என்பதற்காக அகப்பையைக் கொண்டு கரும்பு வெட்ட முடியுமா? ஆகவே, வாங்குமுன் இது எவ்வகை என்று கேட்டறிவது நம் கடமை.

பாடத்தைப் படமாகக் காட்டிப் பேசுபவை ஒரு வகை. விற்பனைக்கு வருபவற்றுள் மிகுதியானவை இவையே. இவற்றை இழிவாகக் கருத வேண்டுவதில்லை. ஆயினும் இவற்றுக்காகக் காசு செலவிட வேண்டுமா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். 2018 முதல் வெளிவந்த தமிழ்நாட்டுப் பாடநூல்களில் பாடங்களின் ஓரத்தே கறுப்புக் கட்டங்களால் ஆன கியூ.ஆர். குறியீடு அச்சிடப்பட்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். திக்ஷா என்னும் செயலியைக் கொண்டு அதனைப் படம் பிடித்தால், அப்பாடத்துக்குரிய காட்சி கட்டணமின்றித் திறக்கும். 2019-இல் தொடங்கப்பெற்ற அரசின் கல்வித் தொலைக்காட்சியும், 2023-இல் வந்த மணற்கேணி செயலியும் இவ்வகையினவே. நம் வீட்டில் ஏற்கெனவே இருக்கும் புத்தகத்திலேயே இருப்பதை நகையை அடகு வைத்து வாங்குவானேன்?

வாய்பாடு, கூட்டல், கழித்தல் முதலியவற்றைத் திரும்பத் திரும்பச் செய்விக்கும் பயிற்சி மென்பொருள்கள் மற்றொரு வகை. டக்ஸ் மேத் என்பதில் வானிலிருந்து விழும் விண்கற்களைச் சரியான விடையால் தகர்க்க வேண்டும். பிள்ளைகள் விரும்பி விளையாடுவர். இதுவும் இலவசமே.

பாவனை மென்பொருள் என்பதை விளக்க, நம் விருத்தாசலத்துப் பீங்கான் சூளையைவிடச் சிறந்த உவமை எனக்குத் தோன்றவில்லை. மண்ணோடு கலந்த படிகக் கல் 573 பாகை செல்சியசு வெப்பத்தை எட்டும்போது சட்டென்று விரிகிறது. அவ்விடத்தில் நெருப்பை அவசரப்படுத்தினால் பாத்திரம் வெடிக்கும். எரியும் சூளையின் கதவைத் திறந்து இதனை எவரும் காட்ட இயலாது. கண்ணால் காண இயலாத இத்தகைய நிகழ்ச்சிகளைத் திரையில் அமைத்து, வெப்பத்தைக் கூட்டவும் குறைக்கவும் மாணவனிடமே விட்டுவிடுவது பாவனை. நோபல் பரிசு பெற்ற இயற்பியலறிஞர் கார்ல் வீமன் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002-இல் தொடங்கிய பெட் என்னும் தொகுப்பு இத்தகையது; அதிற் சில தமிழிலும் உள்ளன. ஆஸ்திரியா நாட்டில் மார்க்குஸ் ஹோஹன்வார்ட்டர் 2001-இல் உருவாக்கிய ஜியோஜீப்ரா வடிவ கணிதத்துக்கானது. முக்கோணத்தின் முனையைப் பிள்ளை எங்கே இழுத்தாலும் மூன்று கோணங்களின் கூடுதல் 180 பாகையாகவே நிற்கும். யாரும் சொல்லாமலே அவன் அதனைக் கண்டுபிடிப்பான். நம் கணிதப் பாடநூல்களின் இணையச் செயல்பாடுகளில் இது இடம்பெற்றுள்ளது.

இவ்விடத்தில் விருத்தாசலத்தை அடுத்த கோணான்குப்பத்தில் பெரியநாயகி அன்னைக்கு ஆலயம் எழுப்பிய வீரமாமுனிவரை நினையாதிருக்க முடியவில்லை. அவர் காலத்தில் சொற்பொருள் அறிய நிகண்டுகளை மனப்பாடம் செய்ய வேண்டியிருந்தது. 1732-இல் அவர் தொகுத்த சதுரகராதியோ சொற்களை அகர வரிசையில் நிறுத்தியது. கற்பவன் தானே தேடிப் பார்க்கலாம் என்றாயிற்று. நல்ல கருவி செய்வது அவ்வளவே.

இனி அத்தாயின் துயருக்கு நேராக வருகிறேன். ஆறாம் வகுப்பிலுள்ள பையனுக்கு ஆறாம் வகுப்புக் கணக்கு வரவில்லை என்றால், குறை பெரும்பாலும் ஆறாம் வகுப்பில் இராது. 2015-இல் டில்லியில் மைண்ட்ஸ்பார்க் என்னும் மென்பொருளைக் கொண்டு கார்த்திக் முரளிதரன் முதலிய பொருளியலறிஞர்கள் ஓர் ஆய்வு நடத்தினர். அங்கே ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கணிதத்தில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தனர். அம்மென்பொருள் முதலில் சோதித்து, பிள்ளை உண்மையில் எந்த வகுப்பில் நிற்கிறானோ அங்கிருந்தே தொடங்கியது. நாலரை மாதங்களில் அவர்களுடைய கணித முன்னேற்றம் ஏனையோரைவிட ஏறத்தாழ இரு மடங்காயிற்று. இதில் விற்பனையாளர்கள் சொல்லாமல் விடும் செய்தி ஒன்றுண்டு: அன்றாடம் ஒன்றரை மணி நேரத்தில் பாதிதான் திரை, மறுபாதி சிறு குழுவில் ஆசிரியத் துணைவர் ஒருவரோடு கழிந்தது. பெரு நாட்டில் பிள்ளைகளுக்கு மடிக்கணினியை மட்டும் வழங்கியபோது, கணிதத்திலும் மொழியிலும் முன்னேற்றம் தென்படவில்லை என்று 2012-இல் வெளியான ஆய்வு கூறிற்று.

நீண்ட காலச் சந்தா குறித்தும் எச்சரிக்கை தேவை. 2011-இல் தொடங்கி நாடெங்கும் பெயர்பெற்ற பைஜூஸ் நிறுவனமே 2024 ஜூலையில் திவால் நடவடிக்கைக்கு உள்ளாயிற்று. வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே பணம் பிடித்தம் செய்ய இசைவு தருமுன் எச்சரிக்கையாயிருக்குமாறு நடுவண் கல்வி அமைச்சகம் 2021 டிசம்பரிலேயே பெற்றோருக்கு அறிவுறுத்தியது.

ஆகவே அம்மா, தோடு காதிலேயே இருக்கட்டும். இன்று மாலை மகனை அருகில் அமர்த்தி, மூன்றாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்திலிருந்து பத்துக் கணக்குகளைக் கொடுங்கள், சினவாதீர்கள். பிள்ளைகளுக்குப் பெற்றோரே முதல் ஆசிரியர் என்று இரண்டாம் வத்திக்கான் திருச்சங்கம் 1965-இல் அறிவித்தது. படிப்பறிவு மிக்க பெற்றோரை மட்டும் கருதிச் சொன்னதன்று அது. கழித்தலில் கடன் வாங்கத் தடுமாறுகிறானா, வகுத்தலில் நிற்கிறானா என்று குறித்துக்கொண்டு, அத்தாளை அவனுடைய கணக்காசிரியரிடம் காட்டுங்கள். பள்ளியில் கணினிக் கூடம் இருந்தால், அந்த இடத்திலிருந்து அவனைத் தொடங்கச் செய்ய இயலுமா என்றும் கேளுங்கள். அவர் கூறும் விடையை எனக்கு எழுதினால், அடுத்த திங்கள் இப்பகுதியில் தொடர்ந்து பேசுவோம்.