கற்கள் பேசட்டும்!



கல்விச் சுற்றுலாவிற்காகப் பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் சென்னை சென்றிருந்தோம். ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் தூய மரியாள் ஆலயத்தைக் காணப் போகிறோம் என்றதும் எங்களில் பலர் முகம் வாடியது. கடற்கரைக்கு எப்போது போவோம் என்பதே எங்கள் கவலை. ஆனால் திரும்பி வரும்போது எங்கள் மனத்தில் நின்றது கடற்கரையன்று, அந்த ஆலயமே.

அது நம் கத்தோலிக்க ஆலயம் அன்று. ஆங்கிலேயர் தங்கள் சபைக்காகக் கட்டியது. 1678-ஆம் ஆண்டு மார்ச் 25, மங்கள வார்த்தைத் திருநாளன்று வேலை தொடங்கியதால் தேவமாதாவின் பெயரைப் பெற்றது. 1680 அக்டோபர் 28-இல் அர்ச்சிக்கப்பட்டது. பீரங்கிக் குண்டுக்கும் அசையாதபடி நான்கடி கனச் சுவர்களும், மரமே சேராத வளைவுக் கூரையும் அமைத்திருக்கிறார்கள். ராபர்ட் கிளைவின் திருமணம் 1753-இல் இங்குதான் நடந்தது. கவர்னர் தாமஸ் மன்றோ இங்கே உறங்குகிறார். தமிழ் கற்றுத் தஞ்சையில் தொண்டாற்றி 1798-இல் மறைந்த சுவார்ட்ஸ் ஐயருக்குச் சலவைக்கல் நினைவுச் சின்னமும் உண்டு.

பெரியோர் சின்னங்களைவிட எங்களைக் கவர்ந்தவை முற்றத்தில் பதித்த கல்லறைக் கற்களே. 1758-59 முற்றுகையின்போது, கோட்டைக்கு வெளியே இருந்த கல்லறைகளின் மறைவில் நின்று பிரெஞ்சுப் படையினர் போரிட்டனர். ஆகவே பின்னர் அக்கல்லறைகளை இடித்தார்கள். ஆனால் பெயர் பொறித்த கற்களை மட்டும் வீசிவிடாமல், ஆலய முற்றத்தில் கொண்டுவந்து பதித்தார்கள். அவற்றுள் ஒன்று 1652-இல் இறந்த எலிசபெத் பேக்கர் என்னும் பெண்மணியுடையது. அரசியுமல்லர், வீராங்கனையுமல்லர். ஆயினும் ஏறத்தாழ 370 ஆண்டுகளுக்குப் பின் சேத்துப்பட்டு மாணவியர் அவர் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தோம்!

அப்போது எங்களுக்குள் ஒரு கேள்வி எழுந்தது. யாரோ ஓர் ஆங்கில மாதின் பெயரைப் படித்த நாம், நம் முன்னோர் பெயரைப் படித்திருக்கிறோமா?

ஊர் திரும்பியதும் எங்களில் ஒருத்தி தன் கொள்ளுத்தாத்தாவின் கல்லறையைத் தேடிச் சென்றாள். கல் இருந்தது, எழுத்து இல்லை. ஆண்டுதோறும் கல்லறைத் திருநாளுக்கு அவள் வீட்டாரே அன்போடு பூசிய சுண்ணாம்பு, பூச்சின்மேல் பூச்சாக ஏறி, பெயரை மூடிவிட்டது. பாட்டியைக் கேட்டாள். அவருக்கும் ஆண்டு நினைவில்லை.

"ஆண்டவருக்கு எல்லாப் பெயரும் தெரியுமே, கல் எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். ஆண்டவர் மறப்பதில்லை, மறப்பவர்கள் நாமல்லவா? நமக்காகத்தான் கல் வேண்டும். தர்ராஸ் அடிகளார் பெயர் நம் லூர்து அன்னை ஆலயத்தோடு என்றும் நிற்கும். ஆனால் அங்கே செங்கல் சுமந்த பெண்களையும், சாந்து குழைத்த கொத்தர்களையும் யார் நினைப்பார்? அவர்களும் நம் பாட்டன் பூட்டன்மாராய் இருக்கலாமே!

தறியில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் சும்மா விடுவதில்லை. தேடி எடுத்து முடிச்சுப் போட்ட பின்பே அடுத்த ஊடு ஓட்டுவார். பட்டு நெய்யும் சீமையில் பிறந்த நமக்கு இதை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

ஆகவே எங்கள் கருத்து இதுவே. வரும் நவம்பர் 2-ஆம் நாள் மெழுகுவர்த்தியும் பூவும் கொண்டு செல்லும்போது, ஒரு நோட்டும் பென்சிலும் கொண்டு செல்வோம். பெயரையும் ஆண்டையும் எழுதிக்கொள்வோம். எழுத்து மறைந்திருந்தால் வீட்டிலுள்ள முதியோரிடம் இன்றே கேட்போம். நாளை கேட்க அவர்கள் இல்லாமற் போகலாம். பெற்றோரே, வெள்ளையடிக்கும்போது எழுத்துள்ள இடத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

இது பெரிய செலவன்று. ஒரு மாலைப் பொழுது போதும். கற்கள் பேசக் காத்திருக்கின்றன. கேட்க நாம் தயாரா?