ஏட்டய்யாவின் தொப்பை

சென்ற மாதம் ஒரு புத்தக வெளியீட்டுக் கூட்டம் முடிந்து நண்பர்கள் ஐந்தாறு பேர் டீக்கடையில் நின்றிருந்தோம். எதிர்ப்புறம் ஒரு தலைமைக் காவலர் பைக்கிலிருந்து இறங்க முடியாமல் இறங்கினார். சட்டைப் பட்டன் இரண்டு திமிறிக்கொண்டிருந்தது. “ஏட்டய்யாவுக்கு எத்தனை மாசம்?” என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். ஒரு பெண்ணின் உடம்பைப் பற்றியோ ஒருவரின் நிறத்தைப் பற்றியோ இப்படி ஒரு வார்த்தை விழுந்திருந்தால் அங்கேயே பெரிய சண்டை வந்திருக்கும். அவ்வளவு விவரமானவர்கள். போலீஸ்காரன் தொப்பைக்கு மட்டும் விதிவிலக்கு. 2017இல் மும்பை மாநகராட்சித் தேர்தலின்போது எழுத்தாளர் ஷோபா டேயும் இதைத்தான் செய்தார். பருத்த ஒரு போலீஸ்காரரின் படத்தை ட்விட்டரில் போட்டுக் கிண்டலடித்தார். அந்த மனிதர் மும்பை போலீஸே இல்லை, மத்தியப் பிரதேசத்துக்காரர். இது நோயால் வந்த உடம்பு என்று அவரே ஊருக்கு விளக்க வேண்டியதாயிற்று.

அன்று டீக்கடையில் நானும் சிரித்தேன். அதுதான் வீட்டுக்கு வந்த பிறகு உறுத்தியது. என் அப்பா முப்பத்துச் சொச்சம் வருடம் போலீஸில் இருந்து எஸ்.எஸ்.ஐ.யாக ஓய்வு பெற்றவர். நான் வளர்ந்தது போலீஸ் லைனில்.

இந்த உடம்பைச் செய்தது யார்? இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குப் போன பையன்களைக் கேட்டுப் பாருங்கள். பொதுப்பிரிவில் 170 சென்டிமீட்டர் உயரம் வேண்டும். மார்பு 81 சென்டிமீட்டர், மூச்சை இழுத்தால் இன்னும் ஐந்து விரிய வேண்டும். 1500 மீட்டரை ஏழு நிமிடத்தில் ஓட வேண்டும், கயிறு ஏற வேண்டும், நீளம் தாண்ட வேண்டும். கண்மாய்க்கரையில் விடியக்காலை ஓடி ஓடிச் செதுக்கிய உடம்புகள். அரசு அளந்து, எடை போட்டு, சல்லடை போட்டு எடுத்துக்கொள்கிறது. இருபத்தைந்து வருடம் கழித்து அதே உடம்பு சர்க்கரை, பிரஷர், காலில் புடைத்த நரம்போடு திரும்பி வருகிறது. நடுவில் அது யார் கையில் இருந்தது?

இதற்கு அதிகாரத்தின் பதில் எடைக்கருவி. 2023இல் அசாம் போலீஸ் தன் ஆட்கள் எல்லோருக்கும் பி.எம்.ஐ. பார்த்தது. 30க்கு மேலே போனவர்களுக்கு மூன்று மாதம் கெடு. குறைக்க முடியாவிட்டால் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு போகலாம் என்றார்கள். கண்டிப்பான நடவடிக்கை என்று கைதட்டியவர்கள் நிறைய. அந்த ஆட்கள் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் தூங்குகிறார்கள் என்பதையும் அதே கருவியில் ஏற்றிப் பார்த்திருக்கலாம். காமன் காஸும் லோக்நீதியும் சேர்ந்து 2019இல் வெளியிட்ட அறிக்கைப்படி இந்தியாவில் ஒரு போலீஸ்காரர் சராசரியாக நாளுக்கு 14 மணி நேரம் வேலை பார்க்கிறார். இரண்டில் ஒருவருக்கு வார ஓய்வே இல்லை. தூக்கம் கெட்டால் பசி ஏறும், சர்க்கரை ஏறும். இது எந்த டாக்டரும் சொல்வதுதான். ஆனால் குற்றவாளிக் கூண்டில் ஏறுவது என்னவோ பரோட்டா.

எங்கள் வீட்டில் காலண்டர் வேறு மாதிரி. சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்குவார், செப்டம்பர் 11 பரமக்குடி, அக்டோபர் 30 பசும்பொன். ஊருக்கெல்லாம் திருவிழாவோ நினைவு நாளோ. எங்களுக்கு அப்பா இல்லாத நாட்கள். கல்யாண மண்டபத்துத் தரையில் படுக்கை. பொட்டலச் சோறு மூன்று மணிக்கு வந்தால் வந்தது. “சூடா ஒரு வாய் சாப்பிட்டா ஏட்டு வேல போயிருமா?” என்று அம்மா கேட்பாள். அப்பா பதில் சொல்ல மாட்டார்.

ஆண்களாவது சுவரோரம் ஒதுங்கிவிடுவார்கள். லைனில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா ஆயுதப்படையில் இருந்தார். பந்தோபஸ்து என்றால் முந்தின இரவிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டார். நிற்கிற இடத்தில் கக்கூஸ் கிடையாது. சித்திரை வெயிலில், தண்ணீர் குடிக்காமல், எட்டு மணி நேரம். முதல்வர் போகும் பாதையில் பெண் காவலர்களைச் சாலையோரம் நிறுத்த வேண்டாம் என்று உத்தரவு வந்ததே 2021 ஜூனில்தான். நல்ல உத்தரவு. ஆனால் முதல்வர் மட்டுமா ரோட்டில் போகிறார்?

ஒரு யோகா தினம் நினைவிருக்கிறது. அப்பா முந்தின இரவு முழுக்க பாரா பார்த்துவிட்டு, வீட்டுக்கு வராமல் அப்படியே காலை ஐந்தரைக்கு மைதானத்துக்குப் போனார். ஆசனமெல்லாம் ஏதோ ஒப்பேற்றியிருக்கிறார். கடைசியில் சவாசனம். வரிசையில் பாதிப் பேர் குறட்டை. எழுப்பப் போன எஸ்.ஐ.க்கும் கண் செருகியதாம். மறுநாள் பேப்பரில் படம் வந்தது, கண் மூடி அமைதியாகக் கிடக்கும் காவலர்கள். அம்மா அதை வெட்டி வைத்திருக்கிறாள்.

நான் யோகாவுக்கு எதிரியில்லை. 2018இல் நிம்ஹான்ஸ் உதவியோடு தமிழ்நாடு காவல்துறை தொடங்கிய நிறைவாழ்வுப் பயிற்சியையும் குறை சொல்ல மாட்டேன். போலீஸ்காரனுக்கும் மனசு என்று ஒன்று உண்டு என அரசு ஏற்றுக்கொண்டதே பெரிது. சைக்கிளில் ஊரைச் சுற்றிய டிஜிபி சைலேந்திரபாபு, வார ஓய்வு கொடுக்கச் சொல்லிச் சுற்றறிக்கையும் அனுப்பினார். 2021இலேயே அரசாணையும் வந்தது. அப்பாவின் பழைய ஸ்டேஷனில் இருக்கும் தம்பி ஒருவனிடம் கேட்டேன். “இருக்குண்ணே. ஆஃப் அன்னைக்குத்தான் கரெக்டா போன் வரும்” என்றான். நேரத்தைக் கையில் கொடுக்காமல் நலம் என்று எதைக் கொடுத்தாலும் அது இன்னொரு டூட்டிதான். அதற்கும் ரோல் கால் உண்டு, அதற்கும் மெமோ உண்டு.

இங்கே நீங்கள் கேட்கப்போவது தெரியும். சாத்தான்குளம் நடந்த மாநிலத்தில் போலீஸின் உடல்நலத்துக்கு என்ன அழுகை? நியாயமான கேள்வி. ஜெயராஜையும் பென்னிக்ஸையும் இரவெல்லாம் அடித்ததாக சிபிஐ குற்றப்பத்திரிகை சொல்கிறது. அங்கே களைப்பைக் காரணம் காட்ட யாராவது வந்தால் முதலில் நான் அடித்து விரட்டுவேன். விடிய விடிய லத்தியை வீசத் தெம்பு இருந்திருக்கிறதே! லாக்கப்புக்குத் தண்டனைதான், தூக்கமின்மை சாக்கு ஆகாது. ஆனால் பதினாறு மணி நேரம் தூங்காத ஒருவனிடம் லத்தியும் துப்பாக்கியும் கொடுத்து உங்கள் தெருவில் நிறுத்தியிருக்கிறார்கள். அவன்மேல் இரக்கம் வேண்டாம், உங்கள்மேல் இருந்தால் போதும்.

இவ்வளவுக்கும் அவன் வாய் திறக்க முடியாது. 1966ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதியில்லாமல் சங்கம் வைக்க விடாது. கேரளத்தில் போலீஸ் சங்கம் இருக்கிறது, தேர்தலே நடக்கிறது. வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. இங்கே 1979இலேயே ஒழித்ததாகச் சொன்ன ஆர்டர்லி முறையை 2022இல் சென்னை உயர்நீதிமன்றம் மறுபடி திட்டி ஒழிக்கச் சொல்ல வேண்டியிருந்தது. அதிகாரி வீட்டு நாயை வாக்கிங் கூட்டிப் போனவனுக்கு, தான் வாக்கிங் போக நேரமில்லை.

முடியாத காரியம் என்பார்கள். மும்பையில் தியோனார் காவல் நிலையத்தில் 2016இல் எட்டு மணி நேர ஷிப்டை நடத்திக் காட்டினார்கள். அந்தத் திட்டத்தைப் போட்டது ஐ.பி.எஸ். அதிகாரி இல்லை, ஒரு கான்ஸ்டபிள். மறு வருடம் நகரத்தின் மற்ற ஸ்டேஷன்களுக்கும் கொண்டுபோனார்கள்.

அதனால் எடை பார்க்க வருகிறவர்கள் முதலில் டூட்டி ரோஸ்டரை ஸ்டேஷன் வாசலில், மக்கள் பார்க்கிற மாதிரி ஒட்டட்டும். யார் எப்போது வந்தார், எப்போது போனார் என்று நேரம் போட்டு ஒட்டட்டும். பந்தோபஸ்துக்கு ஆளை ஏற்றிப் போகிற வண்டிக்குப் பின்னால் ஒரு கக்கூஸ் வண்டியும் போகட்டும். ஒரு வருடம் இது நடக்கட்டும், அப்புறம் எடைக்கருவியைக் கொண்டு வாருங்கள். அப்பாவை நானே கூட்டி வருகிறேன்.