மருத்துவரை நியமிக்கும் நோயாளிகள்

சிட்னி மாநகரின் ரெட்ஃபெர்ன் பகுதியில், 1971ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், ஒரு கடையின் முன்னறையில் சிறு மருந்தகம் ஒன்று திறக்கப்பட்டது. மருத்துவர்கள் ஊதியமின்றி வந்து உழைத்தனர். கண் மருத்துவப் பேராசிரியர் பிரெட் ஹாலோஸ் அம்முயற்சிக்குத் துணை நின்றவர்களுள் ஒருவர். இதுவரையில் எந்தத் தரும மருந்தகத்திலும் நாம் காணக்கூடிய செய்திதான். புதுமை என்னவெனில், அங்கே நிர்வாகம் முழுவதும் ஆஸ்திரேலியப் பூர்வகுடி மக்களின் கையிலேயே இருந்தது.

ஏன் இந்தப் பிடிவாதம் என்று வாசகர் கேட்கலாம். பூர்வகுடி நோயாளிகளைத் தனி வார்டிலோ தாழ்வாரத்திலோ கிடத்தி வைத்த சிற்றூர் மருத்துவமனைகளை அவர்கள் மறந்திருக்கவில்லை. பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துக்கொண்டு போன அரசு வாரியம் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் கலைக்கப்பட்டதே 1969இல்தான். அதிகாரியைக் கண்டால் குழந்தையை ஒளிக்க வேண்டியிருந்த ஒரு தாய், அதே அரசின் மருத்துவமனைக்குக் குழந்தையைத் துணிந்து தூக்கி வருவாளா? மருந்துக்கு முன் நம்பிக்கை வேண்டியிருந்தது.

அம்மருந்தகம் உருவாகப் பாடுபட்டவர்களுள் ஷெர்லி ஸ்மித் என்னும் கத்தோலிக்கப் பெண்மணியை நாம் அறிந்துகொள்ள வேண்டும். வலிப்பு நோயினால் பள்ளிக் கல்வி பெறாதவர் அவர். சிறைக்குச் சென்று கைதிகளைச் சந்திப்பது அவருடைய வழக்கம். கைதிக்கு என்ன உறவு என்று காவலர் கேட்டால், தாம் அவனுடைய அம்மா என்பாராம். 'மம் ஷெர்ல்', அதாவது ஷெர்ல் அம்மா, என்ற பெயரே அவருக்கு நிலைத்துவிட்டது. அதே 1971இல் ரெட்ஃபெர்ன் பங்குப் பொறுப்பை ஏற்ற அருட்தந்தை டெட் கென்னடி, பங்கு இல்லத்தின் கதவுகளை அம்மக்களுக்குத் திறந்துவிட்டார். உதவி செய்யப் பலர் முன்வருவர். உதவி பெறுவோரிடமே பொறுப்பை ஒப்படைக்கத்தான் நமக்கு மனம் வருவதில்லை.

மக்களின் பங்கேற்போடு கூடிய ஆரம்ப சுகாதாரப் பணியே வழி என்று அல்மா அட்டா மாநாடு உலகிற்கு அறிவித்தது 1978இல். ரெட்ஃபெர்ன் அதற்கு ஏழாண்டு முந்தியது! இன்று அந்நாட்டில் இத்தகைய நிறுவனங்கள் 140க்கு மேல் இயங்குகின்றன. ஊர் மக்கள் உறுப்பினராகின்றனர். ஆண்டுக் கூட்டத்தில் நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்கின்றனர். அக்குழு மருத்துவர்களைப் பணியில் அமர்த்துகின்றது.

குறையெல்லாம் தீர்ந்துவிட்டதென்று நாம் சொல்லவில்லை. 2020-2022 கணக்கின்படி பூர்வகுடி ஆண்களின் சராசரி ஆயுட்காலம் 71.9 ஆண்டுகள், ஏனைய ஆண்களைவிட இது 8.8 ஆண்டுகள் குறைவு. இதற்குக் காரணமான நோய்களுள் சிறுநீரக நோயும் ஒன்று. அந்நோயோடு ஒரு பாலைவனச் சமூகம் நடத்திய போராட்டத்தைச் சற்று விரிவாகக் கூறுவோம்.

ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகருக்கு மேற்கே ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள சிற்றூர் கின்டோர். பின்டுபி இனத்தார் வாழும் ஊர் அது. சிறுநீரகம் செயலிழந்தவர்களின் இரத்தத்தை வாரம் மூன்று முறை இயந்திரத்தில் சுத்திகரிக்க வேண்டும். அதற்கு டயாலிசிஸ் என்று பெயர். உயிர் உள்ளவரை அது தொடர வேண்டும். இயந்திரமோ நகரத்தில் இருந்தது. ஆகவே முதியோர் ஊரைவிட்டுச் சென்றனர். தங்கள் மண்ணின் பாடல்களையும் சடங்குகளையும் பேரப்பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டியவர்கள், மொழியும் உறவும் அந்நியமான இடத்தில் காலம் தள்ளினர். உயிர் வேண்டுமா, ஊர் வேண்டுமா என்பதே அவர்கள் முன் நின்ற கேள்வி.

பின்டுபி மக்கள் சிறந்த ஓவியர்கள். கின்டோர், கிவிர்குரா ஆகிய ஊர்களின் ஆண்களும் பெண்களும் கூடிப் பெரிய ஓவியங்களைத் தீட்டினர். 2000ஆம் ஆண்டு நவம்பரில் சிட்னி ஓவியக் கூடத்தில் நடந்த ஏலத்தில் பத்து லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் திரண்டது. அப்பணத்தை வைத்து அவர்களே ஒரு நிறுவனம் தொடங்கினர். 'நம் குடும்பத்தார் அனைவரையும் நலமாக்குதல்' என்பது அதன் பெயரின் பொருள். ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் உள்ள அதன் வீட்டை 'ஊதா வீடு' என்கின்றனர். 2004இல் கின்டோரிலேயே இயந்திரம் ஓடத் தொடங்கியது.

தொலைதூர ஊர்களில் செவிலியர் செய்யும் இச்சிகிச்சைக்கு அரசின் மருத்துவக் காப்பீடு பணம் தர ஆரம்பித்தது 2018இல்தான். சிகிச்சை நிலையம் இன்னும் எட்டாத ஊரினருக்காக, இயந்திரம் பொருத்திய லாரி ஒன்றையும் ஊதா வீட்டார் வைத்திருக்கின்றனர். சொந்த ஊரில் சாவு என்றாலும் திருவிழா என்றாலும், நோயாளிகளோடு அதுவும் புறப்படுகிறது.