வரும் பணம் எவ்வளவு? ஊரில் தங்கும் பணம் எவ்வளவு? தஞ்சோங் டாவாய் முதல் கூலிம் வரை ஒரு பார்வை

மெர்போக் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது தஞ்சோங் டாவாய். ஆற்றின் மறுகரையில் பந்தாய் மெர்டேக்கா. இரண்டுக்கும் இடையே இன்றும் படகில்தான் ஆட்கள் கடந்து போகிறார்கள்.

கெடாவின் வார விடுமுறையான வெள்ளி, சனிக் கிழமைகளில் இங்கு வெளியூர்க் கார்கள் வரிசை பிடித்து நிற்கும். நெத்திலி, கருவாடு, பெலாச்சான் வாங்க வருபவர்கள் அவர்கள். சுங்கை பட்டாணி, பீடோங் வட்டாரத் தமிழ்க் குடும்பங்களின் அடுக்களைக்கும் இந்த ஊர்க் கருவாடு புதியதல்ல.

இங்கிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரக் கார் பயணத்தில் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா. 1996இல் தொடங்கப்பட்ட அந்தப் பூங்காவில், 2024 ஆகஸ்டு 8ஆம் தேதி ஜெர்மனியின் இன்ஃபினியோன் நிறுவனம் புதிய சில்லுத் தொழிற்சாலையின் முதல் கட்டத்தைத் திறந்தது. முதல் கட்டத்துக்கு 200 கோடி யூரோ, இரண்டாம் கட்டத்துக்கு 500 கோடி யூரோ வரை என்பது அந்நிறுவனம் அறிவித்த முதலீடு. இரு கட்டங்களும் முடியும்போது 4,000 வேலைகள் வரை உருவாகும் என்றும் அது கூறியது.

ஒரு பக்கம் கிலோ கணக்கில் விற்கும் நெத்திலி. மறுபக்கம் கோடிக் கணக்கில் வரும் யூரோ. வட்டாரத்தின் வணிக நிலை எப்படி என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் காட்டுகிறார்கள். ஆனால் ஓர் ஊர் எழுவதும் விழுவதும் வந்த பணத்தால் மட்டும் அல்ல. வந்ததில் எவ்வளவு அங்கேயே தங்குகிறது என்பதைப் பொறுத்தது அது. இந்த ஆற்றங்கரையின் வரலாறே அதற்குச் சாட்சி.

ஆறு சாலையாக இருந்த காலம்

தஞ்சோங் டாவாயிலிருந்து உள்ளே வந்தால் மெர்போக். அங்குதான் பூஜாங் பள்ளத்தாக்கு தொல்பொருள் அருங்காட்சியகமும் புக்கிட் பத்து பாஹாட் கோயில் எச்சமும் உள்ளன. தமிழர்கள் கடாரம் என்று அறிந்த நிலம் இது. 1025ஆம் ஆண்டு வாக்கில் ராஜேந்திர சோழனின் கடற்படை வந்ததும் இந்தப் பக்கம்தான்.

படையெடுப்பு எல்லோருக்கும் தெரியும். சுங்கை பத்துவில் கிடைத்தவை அதிகம் பேசப்படுவதில்லை. மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்கு இரும்பு உருக்கிய இடங்களையும், படகுத்துறை எச்சங்களையும், செங்கல் கட்டடங்களையும் தோண்டி எடுத்தனர். அதாவது, கப்பல்கள் வந்து நின்று போகும் இடமாக மட்டும் இது இருக்கவில்லை. பொருள் செய்யும் இடமாகவும் இருந்தது.

அந்தச் செல்வத்தின் எச்சத்தைக்கூட முழுதாகக் காக்க முடியவில்லை என்பது வேறு கதை. 2013ஆம் ஆண்டு இறுதியில், இந்தப் பள்ளத்தாக்கின் பழங்கோயில் எச்சம் ஒன்று நில மேம்பாட்டுப் பணியில் இடிக்கப்பட்டது தெரியவந்து நாடு முழுவதும் கண்டனம் எழுந்தது.

பால் வெட்டிய பணம் போன வழி

1909இல் கெடா பிரிட்டிஷ் செல்வாக்கின் கீழ் வந்த பிறகு ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. தமிழ்நாட்டிலிருந்து ஆயிரக்கணக்கானோர் கொண்டுவரப்பட்டனர். 1915க்குள் ரயில் பாதை அலோர் ஸ்டார் வரை எட்டியது. ஆற்றுவழி போய், தண்டவாளமும் சாலையும் வந்தன. ஆற்றுமுகத்தில் இருந்த தஞ்சோங் டாவாய் மீன்பிடி ஊராகவே நின்றுவிட, உள்நாட்டில் இருந்த சுங்கை பட்டாணி நகரமானது.

பணம் வரவில்லையா? வந்தது. ரப்பர் விலை ஏறிய ஆண்டுகளில் நிறையவே வந்தது. ஆனால் ஆதாயம் லண்டனுக்கும் பினாங்குக்கும் போனது. தொழிலாளியின் கைக்கு வந்த சொற்பக் கூலியில் ஒரு பகுதி தோட்டக் கடைப் பற்றுக்கும், இன்னொரு பகுதி கள்ளுக்கடைக்கும் போனது. லயத்தில் எஞ்சியது கொஞ்சம்தான்.

அந்தக் கசிவை முதலில் கண்டுகொண்டவர்கள் பொருளாதார நிபுணர்கள் அல்லர், தோட்டத் தொழிலாளர்களே. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கெடாத் தோட்டங்களில் எழுந்த தொண்டர் படை, கள்ளுக்கடைகளை மூடச் சொல்லிப் போராடியது. 1947ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பீடோங் வட்டாரத்தில் அது போலீசாருடன் மோதலாக வெடித்து, உயிர்ப்பலியும் நேர்ந்தது. அது ஒழுக்கப் போராட்டமாக மட்டும் பேசப்படுகிறது. உண்மையில் அது கூலி வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற பொருளாதாரப் போராட்டமும்கூட.

மாதம் 10 வெள்ளி

அடுத்த முயற்சி கூலியோடு நிற்காமல் உடைமையையே தொட்டது. சுதந்திரத்துக்கு முன்னும் பின்னும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றன. வேலையும் வீடும் ஒரே நாளில் போகும் நிலை வந்தது.

அப்போது, 1960இல், துன் வீ.தி. சம்பந்தன் முன்னின்று தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். 100 வெள்ளிப் பங்கு ஒன்றை மாதம் 10 வெள்ளியாகத் தொழிலாளர்கள் கட்டினர். அந்தச் சங்கம் முதன்முதலில் வாங்கிய தோட்டம் இதே கெடாவில் உள்ள புக்கிட் சிடிம். ஆண்டு 1961.

அந்தக் காலத்தில் ஒரு பால்வெட்டுத் தொழிலாளிக்கு 10 வெள்ளி என்பது சிறு தொகை அல்ல. ஆனாலும் கட்டினார்கள். கூலி அடுத்த சம்பளம் வரைதான் நிற்கும், பங்கு பிள்ளைகள் காலம் வரை நிற்கும் என்பது அவர்களுக்குப் புரிந்திருந்தது.

எல்லாத் தோட்டங்களுக்கும் அந்த வாய்ப்பு கிட்டவில்லை. பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. பல வீடமைப்புத் திட்டங்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் ஆயின. மக்கள் சுங்கை பட்டாணியின் தாமான்களுக்கும் மலிவு விலை வீடுகளுக்கும் குடிபெயர்ந்தார்கள். தோட்டத்தில் இருந்தபோது வாடகை இல்லாத வீடு, வாசலில் கோழி, கொல்லையில் காய்கறி இருந்தன. நகரத்தில் அவை அனைத்தும் காசு.

1,700 வெள்ளியின் கணக்கு

குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் 1,700 வெள்ளி. ஐந்துக்கும் குறைவான தொழிலாளர் உள்ள சிறு நிறுவனங்களுக்கு அதே ஆண்டு ஆகஸ்டு முதல். 2013இல் தீபகற்பத்தில் இது 900 வெள்ளியாகத் தொடங்கியது. உயர்வு உண்மைதான்.

ஆனால் தொழிலாளர் சேமநிதிக்கு 11 விழுக்காடு, அதாவது 187 வெள்ளி போனால் கையில் 1,513. சொக்சோ பிடித்தம் போனால் அதற்கும் குறைவு. வீட்டு வாடகை, மோட்டார் சைக்கிள் தவணை, பிள்ளைகளின் பள்ளிச் செலவு ஆகியவற்றைக் கழித்துப் பார்த்தால், மாதம் 10 வெள்ளி கட்டிய அந்தத் தலைமுறைபோலச் சேமிப்பது ஏன் கடினம் என்பது தெரியும். மிகைநேர வேலை இருந்தால்தான் மாதம் ஓடும். ஆர்டர் குறையும்போது முதலில் போவதும் அந்த மிகைநேரம்தான். மாதச் சம்பளத்தை மட்டும் நம்பிய குடும்பத்துக்கு அந்த மாதமே நெருக்கடி.

கூலிமில் உருவாகும் புதிய வேலைகளில் நல்ல சம்பளம் தருபவை பொறியியலாளர், தொழில்நுட்பர் பணிகள். பூங்காவை ஒட்டியே துவாங்கு சுல்தானா பாஹியா பாலிடெக்னிக் இருக்கிறது. எஸ்பிஎம் முடித்த பிள்ளை மறுவாரமே உற்பத்திப் பிரிவில் சேர்வதா, இரண்டு மூன்று ஆண்டுகள் பொறுத்து டிப்ளோமாவோடு உள்ளே போவதா? பல வீடுகளில் இந்த முடிவு, அந்த இரண்டு மூன்று ஆண்டுகள் வீட்டைத் தள்ள முடியுமா என்பதில் முடிந்துவிடுகிறது. வட்டாரப் பொருளாதாரத்தின் உண்மையான திருப்பம் அந்தச் சாப்பாட்டு மேசையில்தான் நடக்கிறது.

மிசிசிப்பிக் கரையில் ஒரு பாடம்

பெரிய நிறுவனம் வந்தால் ஊர் பிழைத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை கெடாவுக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் டுபியூக் என்றொரு சிறு நகரம். 1980களின் தொடக்கத்தில் அங்குள்ள தொழிற்சாலைகள் ஆட்குறைப்பு செய்தபோது, வேலையில்லாதோர் விகிதம் 23 விழுக்காட்டைத் தொட்டது.

பிறகு 2009இல் ஐபிஎம் நிறுவனம் 1,300 வேலைகளோடு வருவதாக அறிவித்தது. ஊரே கொண்டாடியது. சில ஆண்டுகளில் ஆட்கள் குறைந்தனர். 2020இல் நிறுவனம் அங்கிருந்து வெளியேறியது.

ஆனால் இம்முறை டுபியூக் 1980களில் விழுந்ததுபோல் விழவில்லை. இடைப்பட்ட காலத்தில் அது பழைய துறைமுகப் பகுதியைச் சீரமைத்திருந்தது. 2003இல் ஆற்றுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் திறந்திருந்தது. பல வகைத் தொழில்களை வளர்த்திருந்தது. வந்த நிறுவனம் போனாலும், ஊரோடு பிணைந்தவை நின்றன.

கடன் இருக்கிறது, சந்தை எங்கே?

உள்ளூரில் பணம் தங்க முதல் வழி சிறுதொழில். இந்தியச் சமூகத்துக்கென 2024இல் மட்டும் பல கடன் திட்டங்கள் அறிவிக்கப்பட்டன. தெக்குன் வழியாக ஸ்பூமி திட்டத்துக்குக் கூடுதலாக 3 கோடி வெள்ளி, அமானா இக்தியாரின் ‘பெண்’ திட்டத்துக்கு 5 கோடி, பேங்க் ராக்யாட்டின் ப்ரீஃப்-ஐ திட்டத்துக்கு 5 கோடி என ஒதுக்கப்பட்டது.

இவை தேவையானவை. ஆனால் கடன் என்பது தொடக்கம் மட்டுமே. ஒரே தாமானில் பத்துப் பேர் அதே நாசி லெமாக், அதே பலகாரம், அதே தையல் தொழில் தொடங்கினால், பத்துப் பேரும் ஒரே வாடிக்கையாளரைத் துரத்துவார்கள். கடன் தவணை மட்டும் தவறாமல் வரும்.

பெரிய தொழிற்சாலைகளுக்கு உணவு விநியோகம், துப்புரவு, போக்குவரத்து, சீருடை, பொட்டலம் கட்டுதல், இயந்திரப் பராமரிப்பு என்று தினமும் செலவு உண்டு. அதில் எவ்வளவு சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம் சிறுதொழில்களுக்கு வருகிறது? முதலீடு அறிவிக்கப்படும் நாளில் வேலை எண்ணிக்கையோடு இந்தக் கேள்வியும் கேட்கப்பட வேண்டும். அந்த வாசல் திறக்க, கணக்குப் புத்தகம், முறையான பதிவு, தரச் சான்றிதழ், நேரம் தவறாமை ஆகியவற்றைச் சிறுதொழில்களும் தயாராக வைத்திருக்க வேண்டும். தனியாக முடியாததைச் சிலர் சேர்ந்து செய்யலாம். புக்கிட் சிடிம் வாங்கப்பட்டதும் அப்படித்தான்.

மீண்டும் ஆற்றுமுகத்துக்கு

இந்தக் கணக்கில் தஞ்சோங் டாவாய் பின்தங்கிய ஊர் அல்ல, ஒரு வகையில் முன்னோடி. நெத்திலி பச்சையாகவே வெளியூர் வியாபாரிக்குப் போனால் அந்த விலையோடு முடிந்தது. உப்பு நீரில் அவித்து, வெயிலில் காயவைத்து, தரம் பிரித்து, பையிலிட்டு விற்கும்போது ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கூலியும் ஓர் ஆதாயமும் அதே ஊரில் நிற்கின்றன.

அதற்கும் ஆபத்து இல்லாமல் இல்லை. விடாமல் மழை பெய்தால் காய்ச்சல் கெடும். 2024 ஜூனில் தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டர் 2.15 வெள்ளியிலிருந்து 3.35ஆக ஏறியபோது, மீனவர்களுக்கான 1.65 வெள்ளி மானிய விலை தொடர்ந்ததால்தான் படகுகள் தாக்குப்பிடித்தன. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது மெர்போக் ஆற்றின் அலையாத்திக் காடு. மீனும் இறாலும் குஞ்சு பொரித்து வளரும் தொட்டில் அது. மேற்கரையில் ஆலைக் கழிவும் நகரக் கழிவும் ஆற்றில் கலந்தால், கீழ்க்கரையில் வலை வெறுமையாகும். கூலிமைப் போல இன்னொரு தொழிற்பேட்டையை எங்கே வைப்பது என்று திட்டமிடுபவர்கள் இந்த ஆற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

தஞ்சோங் டாவாய்க்குப் போகும் வழியில்தான் செமிலிங், அங்கே 2001இல் தொடங்கப்பட்ட ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தின் வளாகம், அடுத்து மெர்போக் அருங்காட்சியகம். பிள்ளையைப் பார்க்க வரும் பெற்றோர், கடாரத்தைக் காண வரும் தமிழகப் பயணி, கருவாடு வாங்க வரும் குடும்பம் என மூவரும் ஒரே சாலையில் போகிறார்கள். அவர்களை ஒரு வேளை சாப்பிடவும், ஓர் இரவு தங்கவும், விளக்கிச் சொல்லும் வழிகாட்டியோடு சுற்றவும் வைத்தால், அந்தப் பணம் சாலையோடு ஓடிவிடாது. செமிலிங், பீடோங் இளைஞர்களுக்கு அது பெரிய மூலதனம் கேட்காத தொழில்.

கோடி யூரோ முதலீடுகள் வரட்டும். வரவேற்க வேண்டியவைதான். ஆனால் அடுத்த முறை ஒரு பெரிய தொகை மேடையில் அறிவிக்கப்படும்போது, கைதட்டலுக்குப் பிறகு மூன்று கேள்விகள் கேட்கப்பட வேண்டும். உள்ளூர்ப் பிள்ளைகளில் எத்தனை பேர் தொழில்நுட்பராக உள்ளே போவார்கள்? உள்ளூர்ச் சிறுதொழில்களிடம் எவ்வளவு வாங்கப்படும்? ஆற்றுக்கு என்ன ஆகும்? இவற்றுக்கு எண்களில் பதில் வாங்குவது சட்டமன்ற உறுப்பினர், நகராண்மைக் கழக உறுப்பினர், சமூக அமைப்புகள் ஆகியோரின் பொறுப்பு. கேட்க வைப்பது வாக்காளர்களின் பொறுப்பு.