குழாயடிச் சண்டை

நான் ‘பிக் பாஸ்’ பார்க்கிறவன். ஒளிந்துகொண்டு பார்க்கிறவன் அல்ல. கூடத்தில் உட்கார்ந்து, மனைவியும் அம்மாவும் பக்கத்து வீட்டு ஆயாவும் சூழ்ந்திருக்க, கையில் காபித் தம்ளருடன் பார்க்கிறவன். 2017-ம் வருஷம் ஜூன் 25-ந் தேதி விஜய் டெலிவிஷனில் கமல்ஹாசன் முதல் தடவையாக அந்த வீட்டைத் திறந்து காட்டினார் அல்லவா, அந்த இரவிலிருந்து இந்தப் பழக்கம். ‘நீயா நானா’ பார்க்கிறேன். ‘சூப்பர் சிங்கர்’ பார்க்கிறேன். ‘சொல்வதெல்லாம் உண்மை’ வந்துகொண்டிருந்த காலத்தில் அதையும் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்திருக்கிறேன். மனுஷர்கள் சண்டை போடுவதைப் பார்க்காமல் நாவல் எழுதுகிறவன் வேறு எதைத்தான் பார்ப்பது?

இதைச் சொன்னால் நமது இலக்கிய அன்பர்களுக்கு முகம் சுருங்கிவிடுகிறது. “நீங்களுமா?” என்கிறார்கள், ஏதோ நான் சாராயக் கடை வாசலில் அகப்பட்டுவிட்டதைப் போல. அவர்களுடைய ஆட்சேபத்தை நான் பத்திரிகைகளில் படித்துவிட்டேன்; மேடைகளிலும் கேட்டுவிட்டேன். கலாசாரத்தில் ஆரம்பிப்பார்கள், தமிழ்க் குடும்பம் என்பார்கள், குழந்தைகள் என்பார்கள். எங்கே சுற்றினாலும் சொல்லிவைத்தாற்போல் எல்லோரும் ஒரே வார்த்தையில் வந்து நிற்பார்கள்: “இது என்ன ஸார், வெறும் குழாயடிச் சண்டை!”

அந்த வார்த்தைக்காகத்தான் நான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஐயா கனவான்களே, நீங்கள் குழாயடிச் சண்டையைப் பார்த்திருக்கிறீர்களா? நான் ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவன். இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். எங்கள் தெருவில் குழாய் என்று சொல்வதே ஒரு பழக்க தோஷம். குழாயில் தண்ணீர் வராத நாட்களில் தெருமுனையில் வாரியத்தார் வைத்திருக்கும் கறுப்புத் தொட்டிதான் எங்களுக்குக் குழாய். அதில் ஊற்ற வருகிற லாரிதான் கங்கை. அந்த லாரிக்கு நேரம் காலம் கிடையாது. எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகக் காத்து நிற்கும் கண்டெய்னர் லாரிகள் வழி விட்டால் காலையில் வரும், விடாவிட்டால் மத்தியானம். அதுவரை வரிசையில் மனுஷர்கள் நிற்பதில்லை, குடங்கள் நிற்கும். பச்சையும் நீலமும் ஆரஞ்சுமாகப் பிளாஸ்டிக் குடங்கள். கூடுதலாகக் குடம் இல்லாதவள் ஒரு செங்கல்லை வைத்துவிட்டுப் போவாள். அந்தச் செங்கல்லுக்கு ஒரு மனுஷிக்குரிய சகல உரிமையும் உண்டு. யாரோ ஒருத்தி அதைக் காலால் ஒதுக்கிவிட்டுத் தன் குடத்தை வைக்கிறாள். சண்டை பிறக்கிறது.

செங்கல்லை வைத்தவள் யார்? காசிமேட்டில் பின்னிரவில் ஏலம் எடுத்து, தெருத் தெருவாக மீன் விற்றுவிட்டுத் திரும்பியவள். ஒதுக்கினவள் யார்? நைட் ஷிப்டு முடித்து வரும் புருஷனுக்குச் சோறாக்கி வைத்துவிட்டு, துணிக் கம்பெனிக்குத் தைக்கப் போக வேண்டியவள். இரண்டு பேருக்கும் நேரமில்லை. இரண்டு பேருக்கும் ஆறு குடம் வேண்டும். தொட்டியில் இருப்பதோ எல்லோருக்கும் போதாது.

வசவு என்று காதைப் பொத்திக்கொள்ளாதீர்கள்; அதன் போக்கைக் கவனியுங்கள். முதலில் செங்கல். பிறகு போன வாரம் நடந்த இதே மாதிரியான அநியாயம். பிறகு திருப்பித் தராத கைமாற்று. அதற்கப்புறம் புருஷன், மாமியார், ஏழு தலைமுறை. எதுகையும் மோனையும் தாமாக வந்து விழும். எங்கள் கவிஞர்கள் தலைகீழாக நின்றாலும் அந்த வேகம் வராது. ஆனால் எத்தனை தலைமுறைக்குப் போனாலும் ஒரு விஷயம் மறக்கப்படுவதில்லை. வாய் திட்டிக்கொண்டிருக்கும், கை குடத்தின் கழுத்தைப் பிடித்திருக்கும், கண் தண்ணீர் மட்டத்தின் மேலேயே இருக்கும். லாரி போனதும் கூட்டம் கலைந்துவிடும். சாயங்காலம் பார்த்தால் திட்டினவள் வீட்டு நண்டுக் குழம்பு ஒரு கிண்ணத்தில், திட்டு வாங்கினவள் வீட்டுக்குப் போகும். எல்லாச் சண்டையும் அப்படி முடியும் என்று நான் கதை கட்டவில்லை. எங்கள் தெருவிலேயே நாலு வருஷமாகப் பேசிக்கொள்ளாத இரண்டு அம்மாள்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக்கூடக் காரணம் ஞாபகம் இருக்கிறது.

இப்போது அந்த டெலிவிஷன் வீட்டுக்கு வாருங்கள். 2019-ம் வருஷக் கோடை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் எல்லாம் வறண்டு, ஜூலை 12-ந் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து முதல் ரயில் 25 லட்சம் லிட்டர் தண்ணீருடன் வில்லிவாக்கத்துக்கு வந்து சேர்ந்தது. அதற்குச் சற்று முன்னால், ஜூன் 23-ந் தேதி, பிக் பாஸ் மூன்றாவது சீசன் ஆரம்பமாகியிருந்தது. எங்கள் கூடத்தில் இரவு ஒன்பதரை மணிக்கு உட்கார்ந்தவர்களில் பாதிப் பேர் அன்று குடத்தோடு தெருவில் நின்றுவிட்டு வந்தவர்கள். சமையல் கட்டில் யாருடைய முறை, யார் யாரைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள் என்று உள்ளே ஒரு தகராறு. அப்படி ஒன்று வராத சீசனே அந்த வீட்டுக்குக் கிடையாது. ஆயா ரொம்ப நேரம் மௌனமாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“ஏம்பா, அந்தூட்ல தண்ணி வர்தா?”

“வருது ஆயா.”

“சோறு?”

“அதுவும் குடுக்குறாங்க.”

“வாடகை?”

“வாடகை இல்ல. இவங்களுக்குத்தான் சம்பளம்.”

“அப்பால இன்னாத்துக்கு இப்டி அட்ச்சிக்கிறாங்கோ?”

எத்தனையோ விமர்சனம் படித்திருக்கிறேன். இந்த ஒரு கேள்வியைக் கேட்ட விமர்சகரை நான் இன்னும் சந்திக்கவில்லை. ஆயாவுக்குச் சண்டை அநாகரிகமாகப் படவில்லை. சத்தம் ஜாஸ்தி என்று தோன்றவில்லை. சண்டையில் குடத்தைக் காணோமே என்றுதான் அவள் தேடினாள்.

அந்த வீட்டின் சூத்திரமே அதுதான். உள்ளே போகிறவரிடமிருந்து முதலில் கடிகாரத்தைப் பிடுங்குகிறார்கள். பிறகு போன், பத்திரிகை, வேலை, வாடகை, குழந்தை, மளிகைக் கடன் என்று மனுஷன் சண்டை போடுவதற்கு நியாயமாக உள்ள காரணங்களையெல்லாம் ஒவ்வொன்றாக வாசலில் கழற்றி வைத்துவிடுகிறார்கள். காரணத்தை எடுத்துவிட்டுச் சண்டையை மட்டும் மிச்சம் வைக்கிறார்கள். சர்க்கரையை எடுத்துவிட்டு எறும்பை மட்டும் வளர்க்கிற வித்தை இது. எறும்பு ஒன்றையொன்று கடிக்காமல் என்ன செய்யும்? அப்புறம் பசியையும் ஒரு விளையாட்டாக உள்ளே கொண்டுவருகிறார்கள். பந்தயத்தில் ஜெயித்தால் நல்ல சாமான்கள், தோற்றால் இல்லை. பெயர் ‘லக்ஸுரி பட்ஜெட்’. ரேஷன் கடையில் பாமாயில் தீர்ந்துவிட்டது என்று திரும்பி வந்தவளும் இதைப் பார்க்கிறாள் என்பதை நினைத்துப் பார்க்க அந்தப் பெயரை வைத்தவருக்கு அவகாசம் இருந்திருக்காது. வீட்டின் மூலப் பெயரும் இப்படித்தான். ஜார்ஜ் ஆர்வெல் 1949-ல் ஒரு நாவலில் நம்மைப் பயமுறுத்துவதற்காக உண்டாக்கிய அண்ணனை, 1999-ல் ஹாலந்துக்காரர்கள் கேளிக்கைக்கு எடுத்துக்கொண்டார்கள். அங்கேயிருந்து பம்பாய் வழியாக நம் வீட்டுக் கூடத்துக்கு வந்து சேர்ந்தார்.

பின்னே நீ ஏன் பார்க்கிறாய் என்று கேட்பீர்கள். நடிக்கிறார்கள் என்பது எனக்கு ஒரு குற்றச்சாட்டே அல்ல. பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் நடிக்காத குடும்பம் எது? மூன்றாவது வாரத்தில் நடிப்பு களைத்துப் போகிறது. ஊரெல்லாம் கொண்டாடிய ஒருவர், எல்லோரும் தூங்கிய பிறகு தனியாக உட்கார்ந்து அழுவது காமிராவுக்காக என்றே வைத்துக்கொள்ளுங்கள். அழுகிற விதத்தில் அவருடைய ஊரும் தாயாரும் வந்துவிடுகிறார்கள். அதற்காகப் பார்க்கிறேன். அது கிடைக்காத இரவுகளில் வெறும் வம்புக்காகவும் பார்க்கிறேன். இதில் வெட்கப்பட எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

ஆனால் அவர்கள் உபயோகிக்கும் ஒரு வார்த்தை ஒவ்வொரு வாரமும் என்னைக் குத்துகிறது. ‘எவிக்ஷன்’. வாரக் கடைசியில் ஒருவர் பெட்டியைத் தள்ளிக்கொண்டு, கட்டித் தழுவி விடைபெற்று, மேடைக்கு வந்து கைதட்டலோடு வீட்டுக்குப் போகிறார். எங்கள் பக்கத்தில் இந்த இங்கிலீஷ் வார்த்தை எழுத்துக் கூட்டத் தெரியாதவர்களுக்கும் தெரியும். ஆற்றோரத்திலும் கால்வாயோரத்திலும் குடிசைகளைப் பிரித்து, தட்டுமுட்டுச் சாமான்களை லாரியில் ஏற்றி, கண்ணகி நகருக்கோ பெரும்பாக்கத்துக்கோ கொண்டுபோய் இறக்குவதற்குப் பெயர் அது. 1970-ல் குடிசை மாற்று வாரியம் என்று பிறந்தது 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாற்றிக்கொண்டது, லாரி மாறவில்லை. அங்கே போனவள் துறைமுகப் பக்கத்து வேலைக்குத் திரும்பி வர வேண்டுமென்றால் பட்டணத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் பஸ் ஏற வேண்டும். அவளுக்கு யாரும் ஓட்டுப் போட்டுக் காப்பாற்றவில்லை.

இன்னொரு வெளியேற்றமும் சொல்கிறேன். 2023 டிசம்பர் 26-ந் தேதி இரவு, ஏழாவது சீசன் நடந்துகொண்டிருந்த சமயம், எண்ணூர் பெரியகுப்பத்துக்கருகே ஒரு உரத் தொழிற்சாலைக்குக் கடலடியில் வரும் அம்மோனியாக் குழாய் கசிந்தது. நடு ராத்திரியில் மூச்சு முட்டி, கண் எரிய, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். சில நாட்களுக்கு முன்னால்தான் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய்க் கழிவை முகத்துவாரத்தில் மீனவர்கள் கையாலும் மக்காலும் வழித்துக்கொண்டிருந்தார்கள். அதுவும் ஒரு குழாயடிச் சமாசாரம்தான். அதை அந்தப் பெயரால் யாரும் கேலி செய்யவில்லை.

இங்கேதான் கனவான்களோடு எனக்கு வழக்கு. முதல் சீசனில், 2017 ஜூலையில், உள்ளே இருந்த ஒருவர் சகபோட்டியாளர் ஒருவரின் நடத்தையைச் ‘சேரி பிஹேவியர்’ என்று சொன்னார். அது அப்படியே ஒளிபரப்பும் ஆயிற்று. கண்டனம் எழுந்தது; புதிய தமிழகம் கட்சித் தலைவர் கிருஷ்ணசாமி வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். நமது இலக்கிய அன்பர்களும் கொதித்தார்கள், எழுதினார்கள். நல்லது. அந்தக் கொதிப்புக் கட்டுரைகளில் ஒன்றை நான் ஆவலோடு படித்தேன். ‘இத்தகைய குழாயடித்தனமான நிகழ்ச்சியில் வேறு என்ன எதிர்பார்க்க முடியும்?’ என்ற பொருளில் முடித்திருந்தார் எழுதியவர். சேரி என்று வைதவரைக் கண்டிக்க அவருக்குக் கிடைத்த வசவு குழாயடி! குழாயடி எங்கே ஐயா இருக்கிறது? அடையாறு பங்களாவின் மாடியிலா?

நிஜமான சண்டைகள் டெலிவிஷனுக்கு வராமலும் இல்லை. 2011-ல் ஜீ தமிழில் ஆரம்பித்த ‘சொல்வதெல்லாம் உண்மை’யில் வந்தன. குடிகாரப் புருஷன், ஓடிப்போன மகள், சீட்டுப் பணம், அடி உதை எல்லாம் காரணமுள்ள சண்டைகள். ஆனால் அங்கே கதை தலைகீழ். காரணமுள்ளவர்களைக் குற்றவாளிகளைப் போல நாற்காலியில் உட்கார்த்தி, கோர்ட்டாரும் அல்லாத போலீஸாரும் அல்லாத ஒருவர் எதிரே இருந்து விசாரித்தார், உபதேசமும் செய்தார். குளிர்சாதனம் செய்யப்பட்ட கட்டைப் பஞ்சாயத்து! 2018-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இடைக்காலத் தடை போட்டது. நான் பார்த்தவரையில் அந்த நாற்காலியில் ஒரு மில் முதலாளியோ ஒரு டாக்டரோ வந்து உட்கார்ந்து தன் படுக்கையறை விவகாரத்தை ஊருக்குச் சொன்னதில்லை. வசதியுள்ளவன் காரணமில்லாமல் அடித்துக்கொண்டால் அது விளையாட்டு, பரிசு ஐம்பது லட்சம். இல்லாதவன் காரணத்தோடு அடித்துக்கொண்டால் அது ஒழுக்கக்கேடு, பரிசு உபதேசம்.

‘நீயா நானா’வை நான் இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். 2006-ல் வந்தது அது. புதிதாக ஆட்சிக்கு வந்த அரசு இலவச வண்ண டெலிவிஷன் கொடுக்க ஆரம்பித்ததும் அதே வருஷம். டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்திருந்தவர்களில் சிலரை எழுப்பி, கையில் மைக்கைக் கொடுத்து, ‘நீ சொல்லு’ என்றார் கோபிநாத். சில வாரங்களில் தலைப்பு அசட்டுத்தனமாக இருக்கும். இருந்தாலும் ஒரு மருமகள் மாமியாரை எதிரே வைத்துக்கொண்டு தன் சொந்தப் பாஷையில் காரணம் சொல்கிறாள். அது போதும் எனக்கு. ‘சூப்பர் சிங்கர்’ 2018-ல் நாட்டுப்புறப் பாடகர் செந்தில் கணேஷுக்குப் பட்டம் கொடுத்தபோது நானும் கைதட்டினேன். எங்கள் பக்கத்துக் கானாவுக்கு அந்த மேடை எப்படியோ, எனக்குத் தெரியாது. செத்தவன் வீட்டு வாசலில் விடிய விடியப் பாடுகிற பாட்டுக்கு எந்த நீதிபதி சுருதி பார்த்து மார்க் போடுவார்?

கனவான்கள் அந்த வீட்டைத் தாராளமாகத் திட்டட்டும். திட்டுவதற்கு நிறைய இருக்கிறது, நானே எடுத்துக் கொடுக்கிறேன். அதற்கு எங்கள் தெருமுனையைக் கடன் வாங்க வேண்டாம். ஒரு பெயர் அவசியம் வேண்டுமென்றால் ‘நீச்சல்குளத்தடிச் சண்டை’ என்று எழுதிக்கொள்ளலாம். அந்த வீட்டில் அது இருக்கிறது. எங்கள் தெருவில் இல்லை.